டச்சுக்காரர்களின் ஆங்கிலத்தில் கமாவும் புள்ளியும் தப்பும் இடங்கள்: அறிகுறி பார்த்துத் திருத்தும் முறை

நெதர்லாந்தில், அதிலும் ஐன்ட்ஹோவன் பக்கம், வேலை பார்க்கும் தமிழர்களுக்கு இந்த வேலை தானாகவே வந்து சேரும். பக்கத்து மேசை டச்சுக்காரர் ஒரு ரிப்போர்ட்டை எழுதி முடித்துவிட்டு, "அனுப்புவதற்கு முன்னால் ஒரு தடவை ஆங்கிலம் பார்த்துக் கொடுக்க முடியுமா?" என்று கேட்பார். அவர்களுடைய ஆங்கிலம் பொதுவாக நன்றாகவே இருக்கும். தப்புவது பெரும்பாலும் நிறுத்தக்குறிகளில்தான். அதுவும் ஆளுக்கு ஆள் மாறாமல், அதே இடங்களில், அதே மாதிரி.

இதைக் கவனக்குறைவு என்று நினைக்க வேண்டாம். பள்ளிக்கூடத்தில் டச்சுக்குப் படித்த விதியை ஆங்கிலத்திலும் ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறார்கள், அவ்வளவுதான். அதனால் தப்புகளை ஒவ்வொன்றாகத் துரத்துவதைவிட, எந்த டச்சு விதி உள்ளே வந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பது நல்லது. ஒரு விதி பிடிபட்டால் ஃபைல் முழுக்க அந்த வகைத் தப்பை ஒரே சுற்றில் எடுத்துவிடலாம்.

கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் சுலபமான காரணம் முதலில், செலவு வைக்கும் காரணம் கடைசியில். உதாரணங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். கண் குறியின் மேல் இருந்தால் போதும்.

கை வைக்கும் முன்

வேர்டில் ஃபைல் முழுவதையும் தேர்ந்தெடுத்து, சரிபார்ப்பு மொழி எது என்று பாருங்கள். டச்சு என்று இருந்தால் பாதித் தப்புகளுக்குச் சிவப்புக் கோடே விழாது. ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள். பிரிட்டிஷ் ஆங்கிலமா அமெரிக்க ஆங்கிலமா என்பதை எழுதியவரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள். பின்னால் மேற்கோள் குறிக்கு அது தேவைப்படும். வேறு ஃபைல்களிலிருந்து வெட்டி ஒட்டிய பத்திகள் தங்கள் பழைய மொழியைக் கூடவே கொண்டுவரும். அதனால் முதல் பத்தியை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதி அடைய வேண்டாம். 'டிராக் சேஞ்சஸ்' ஓடட்டும். எதை மாற்றினீர்கள் என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

அறிகுறி 1: எண்ணில் புள்ளியும் கமாவும் இடம் மாறியிருக்கின்றன

எல்லாவற்றுக்கும் முன் இதைப் பாருங்கள். மற்ற தப்புகள் படிப்பவரின் கண்ணை உறுத்தும். இது பணத்தில் போய் முடியும்.

டச்சில் ஆயிரத்தைப் பிரிக்கப் புள்ளி, தசமத்துக்குக் கமா. ஆங்கிலத்தில் 1,250.75 என்பது அங்கே 1.250,75. பள்ளி, வங்கி, கடை ரசீது எல்லா இடத்திலும் அப்படித்தான். கை அதையே எழுதும்.

ஒரே எண்ணில் இரண்டு குறியும் இருந்தால் சந்தேகமே இல்லை, மாற்றிவிடலாம். கமாவுக்குப் பின் ஒன்றோ இரண்டோ இலக்கம் மட்டும் இருந்தால் (3,5 மி.மீ.) அது தசமம்தான், மாற்றலாம். பூஜ்யத்தில் தொடங்கினாலும் (0,125) தசமம்தான்.

ஆபத்தானது ஒன்றுதான்: ஒரே ஒரு குறி, அதற்குப் பின் சரியாக மூன்று இலக்கம். 1.250 கிலோ என்று இருக்கிறது. ஆயிரத்து இருநூற்று ஐம்பதா, ஒன்றேகாலா? எழுதியவர் பாதி வழியில் ஆங்கில முறைக்கு மாறியிருக்கவும் வாய்ப்பு உண்டு. முதலில் அதே அட்டவணையின் மற்ற எண்களைப் பாருங்கள். ஒரு 12,5 கண்ணில் பட்டால் அட்டவணை டச்சு முறையில் இருக்கிறது என்று பொருள். அப்புறம் அளவு நடைமுறைக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். இரண்டிலும் தெளிவு வரவில்லை என்றால் எழுதியவரைத்தான் கேட்க வேண்டும். ஊகித்து மாற்றவே கூடாது.

அட்டவணை முழுவதும் இப்படி இருந்தால் அது எக்செலிலிருந்து வந்திருக்கும். எக்செல் அந்தக் கணினியின் வட்டார அமைப்பைப் பின்பற்றும். எண்களைக் கையால் திருப்பி அடிக்காதீர்கள். அடிக்கும்போது புதுத் தப்பு நுழையும். எக்செல் ஆப்ஷன்ஸில் அட்வான்ஸ்டு பகுதிக்குப் போய், கணினியின் பிரிப்புக் குறிகளைப் பயன்படுத்தும் டிக்கை எடுத்துவிட்டு, தசமத்துக்குப் புள்ளி, ஆயிரத்துக்குக் கமா என்று கொடுத்து, அட்டவணையை மறுபடி ஒட்டச் சொல்லுங்கள். சிஎஸ்வி ஃபைல் (அட்டவணையின் கட்டங்களை ஒரு குறியால் மட்டும் பிரித்து வைக்கும் எளிய ஃபைல்) உங்கள் கணினியில் ஒரே நெடுவரிசையில் குவிந்து திறந்தால் அதுவும் இதே வியாதிதான்: கமா தசமத்துக்குப் போய்விட்டதால், டச்சு அமைப்பில் சிஎஸ்வி அரைப்புள்ளியால் பிரிக்கப்படுகிறது.

பக்கத்திலேயே இருக்கும் சில்லறைகள்: € 25,- என்பது €25 ஆக வேண்டும், அந்தக் கமாவும் கோடும் 'சென்ட் இல்லை' என்பதற்கான டச்சு வழக்கம். 14.30 என்ற நேரத்தை 14:30 ஆக்குங்கள். 3-4-2025 அவர்களுக்கு ஏப்ரல் 3. அமெரிக்கருக்கு மார்ச் 4. மாதத்தை எழுத்தில் எழுதினால் சண்டையே இல்லை. நாமும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். லட்சக் கணக்குப் பழக்கத்தில் 12,50,000 என்று நாம் போடும் கமா டச்சுக்காரருக்கும் புரியாது, ஆங்கிலேயருக்கும் புரியாது. 1,250,000 என்றே எழுதுங்கள்.

நிறுத்த வேண்டிய இடம்: விலைப்புள்ளி, ஒப்பந்தத் தொகை, மருந்தளவு, பாகங்களின் அளவு விலக்கம் (அளவு எவ்வளவு கூடலாம், குறையலாம் என்ற வரம்பு). இவற்றில் குறியை நீங்கள் மாற்றினாலும், அந்த எண்ணுக்குப் பொறுப்பானவர் ஒருமுறை பார்த்து ஒப்புக்கொள்ளாமல் ஃபைல் வெளியே போகக் கூடாது.

அறிகுறி 2: மேற்கோள் குறியைக் காணவில்லை, எழுத்தின் மேல் புள்ளி அல்லது கோடு முளைத்திருக்கிறது

நெதர்லாந்தில் கணினிகள் பெரும்பாலும் 'யுஎஸ் இன்டர்நேஷனல்' விசைப்பலகை அமைப்பில் இருக்கும். அதில் மேற்கோள் குறியைத் தட்டினால் உடனே விழாது. அடுத்த எழுத்துக்காகக் காத்திருக்கும். வருவது உயிரெழுத்தாக இருந்தால் குறி அதன் தலையில் ஏறிக்கொள்ளும். இரட்டைக் குறி தட்டி 'ஏ' அடித்தால், ஏ எழுத்தின் மேல் இரண்டு புள்ளி. ஒற்றைக் குறி தட்டி 'சி' அடித்தால், சி எழுத்தின் அடியில் ஒரு வால். இந்தியாவிலிருந்து புதிதாக வந்து அலுவலக லேப்டாப்பை வாங்கியவர்கள் முதல் வாரத்திலேயே இதைப் பார்த்திருப்பீர்கள்.

சோதனை இதுதான்: விசித்திரமான எழுத்து சொல்லின் தொடக்கத்தில் இருக்கிறதா? அந்தச் சொற்றொடரின் முடிவில் மூடும் மேற்கோள் குறி மட்டும் தனியாக நிற்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் காரணம் விசைப்பலகை. குறியைத் தட்டியதும் ஸ்பேஸ் பாரை ஒரு தடவை தட்டினால் குறி தனியாக விழும். உங்களுக்கு இந்த வசதியே தேவையில்லை என்றால் சாதாரண யுஎஸ் அமைப்பைச் சேர்த்துக்கொண்டு, விண்டோஸ் விசையும் ஸ்பேஸும் சேர்த்துத் தட்டி மாற்றிக்கொள்ளலாம். டச்சுக்காரரிடம் அதை மாற்றச் சொல்லாதீர்கள். அவருக்கு டச்சு எழுத அந்தப் புள்ளிகள் வேண்டும்.

புள்ளி சொல்லின் நடுவில், இரண்டு உயிரெழுத்து அடுத்தடுத்து வரும் இடத்தில் இருந்தால் கதை வேறு. 'கோஆர்டினேட்' என்ற சொல்லின் இரண்டாவது ஓ மேல் இரண்டு புள்ளி இருக்கும். டச்சு எழுத்துமுறையில் அது சரி, ஆங்கிலத்தில் எடுத்துவிடுங்கள். சாதாரணச் சொல்லில் உயிரெழுத்தின் மேல் சாய்ந்த கோடு இருந்தால், அழுத்திச் சொல்வதற்காகப் போட்டிருக்கிறார் என்று பொருள். ஆங்கிலத்தில் அதற்குச் சாய்வெழுத்து. ஆட்பெயர், ஊர்ப்பெயர்களில் இருக்கும் புள்ளிகளை மட்டும் தொடாதீர்கள். டேனியல் என்பவர் ஈ மேல் புள்ளி வைத்துத் தன் பெயரை எழுதினால் அது அவருடைய பெயர்.

அறிகுறி 3: பன்மையில் அப்பாஸ்ட்ரஃபி நிற்கிறது

ஃபோட்டோ'ஸ், மெனு'ஸ், பேபி'ஸ், பிசி'ஸ். டச்சில் ஏ, ஐ, ஓ, யு, ஒய் எழுத்துகளில் ஒன்றில் முடியும் சொற்கள் பலவற்றுக்குப் பன்மை அப்படித்தான். எழுத்துச் சுருக்கங்களுக்கும் அதே வழக்கம். பச்சைப் புத்தகம் என்று அவர்கள் சொல்லும் அதிகாரபூர்வச் சொற்பட்டியலிலேயே அப்படி இருக்கிறது.

கன்ட்ரோல்+எஃப் தட்டி அப்பாஸ்ட்ரஃபியும் எஸ்ஸும் சேர்ந்த இடங்களைத் தேடுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரே கேள்வி: இதற்குப் பின்னால் 'இதனுடைய' என்று சொல்லும்படி ஒரு பொருள் வருகிறதா? வந்தால் இருக்கட்டும். வராமல், எண்ணிக்கையை மட்டும் காட்டினால் அப்பாஸ்ட்ரஃபியை எடுங்கள். ஒய்யில் முடியும் சொற்களில் எடுத்தால் மட்டும் போதாது. பேபி, ஹாபி போன்றவற்றில் ஒய் போய் 'ஐ-ஈ-எஸ்' வர வேண்டும். 1990'ஸ் என்பதிலும் குறி வேண்டாம்.

'ரீப்ளேஸ் ஆல்' பொத்தானை இங்கே தொடவே தொடாதீர்கள். சரியான உடைமைக் குறிகள் எல்லாம் போய்விடும். அதோடு 'ஸ்-ஹெர்டோகன்போஸ் என்ற ஊரின் பெயரும் சிதையும். அந்த ஊர்ப்பெயர் அப்பாஸ்ட்ரஃபியில்தான் தொடங்குகிறது. அது பழைய டச்சு உடைமைச் சொல்லின் மிச்சம். வேர்டு அதைத் திறக்கும் மேற்கோள் குறி என்று நினைத்து எதிர்ப்பக்கம் வளைத்துவிடும். அப்பாஸ்ட்ரஃபியை இரண்டு தடவை தட்டி முதலாவதை அழித்தால் சரியான வளைவு நிற்கும்.

அறிகுறி 4: உடைமையில் அப்பாஸ்ட்ரஃபியைக் காணோம்

இது மூன்றாவதன் மறுபக்கம். டச்சில் 'பீட்டருடைய' என்பதற்குக் குறி இல்லாமல் எஸ் மட்டும் சேர்ப்பார்கள். 'அன்னாவுடைய' என்றால், பெயர் உயிரெழுத்தில் முடிவதால் குறி உண்டு. அதனால் ஒரே பக்கத்தில் அன்னா'ஸ் ரிப்போர்ட் சரியாகவும், பீட்டர்ஸ் ரிப்போர்ட் குறி இல்லாமலும் இருக்கும். பார்ப்பவருக்கு ஒழுங்கில்லாமல் எழுதியது போலத் தோன்றும். அவருக்கோ இரண்டும் ஒரே விதி.

பெயர்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பாருங்கள். வேறு குறுக்கு வழி இல்லை. சிவப்புக் கோடு உதவாது, ஏனென்றால் பீட்டர்ஸ் என்பது உண்மையான டச்சுக் குடும்பப்பெயரும்கூட. எஸ்ஸில் முடியும் பெயர்களில், உதாரணமாக ஹான்ஸ், டச்சில் வெறும் அப்பாஸ்ட்ரஃபி மட்டும் வரும். ஆங்கிலத்தில் அப்பாஸ்ட்ரஃபியோடு இன்னொரு எஸ் சேர்ப்பதும் உண்டு, சேர்க்காததும் உண்டு. ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு ஃபைல் முழுவதும் அதையே வைத்திருங்கள்.

அறிகுறி 5: எழுவாய்க்கும் வினைக்கும் நடுவில் ஒரு கமா

"த மெஷின் தட் வீ டெஸ்டெட், இஸ் ரெடி." டச்சுக்காரரின் ஆங்கிலத்துக்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. இரண்டு வாக்கியப் பகுதிகளின் வினைகள் எதிரெதிரே சந்திக்கும் இடத்தில் டச்சில் கமா போடுவார்கள். படிப்பவருக்கு மூச்சுவிட இடம். ஆங்கிலத்தில் அந்தக் கமா எழுவாயை அதன் வினையிலிருந்து வெட்டிவிடுகிறது.

கமாவுக்கு முன்னால் இருப்பது முழுவதையும் 'அது' அல்லது 'அவர்' என்ற ஒரே சொல்லால் மாற்றிப் பாருங்கள். "அது, தயார்" என்று வந்தால் கமா வேண்டாதது. இந்த வாக்கியத்தில் அப்படித்தான் வருகிறது.

ஆனால் எடுப்பதற்கு முன் இன்னொரு கேள்வி இருக்கிறது. ஒருவேளை ஜோடிக் கமாவில் ஒன்று விடுபட்டுப் போயிருந்தால்? "த மெஷின், விச் வீ டெஸ்டெட், இஸ் ரெடி" என்பதும் நல்ல ஆங்கிலம்தான். இரண்டு கமா இருந்தால் இயந்திரம் ஒன்றே ஒன்று. நாங்கள் சோதித்தோம் என்பது கூடுதல் தகவல். கமாவே இல்லாவிட்டால் இயந்திரங்கள் பல, சோதித்தது மட்டும் தயார். ஆக, இரண்டு கமா சரி, பூஜ்யம் சரி, ஒன்று மட்டும் ஒருபோதும் சரியில்லை. எது என்று தீர்மானிப்பது உண்மை நிலவரம்; உங்கள் காது அல்ல.

பாதுகாப்புக் கையேட்டில் இது உயிர் சம்பந்தப்பட்டது. "த டெக்னீஷியன்ஸ், ஹூ ஆர் ட்ரெயின்ட், மே என்டர்" என்றால் எல்லா டெக்னீஷியன்களும் பயிற்சி பெற்றவர்கள், எல்லாரும் உள்ளே போகலாம். கமாக்களை எடுத்தால் பயிற்சி பெற்றவர்கள் மட்டும் போகலாம். இந்த இரண்டுக்கும் நடுவில் நீங்களாக ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். அந்த இயந்திரத்துக்குப் பொறுப்பான இன்ஜினியரிடம், யார் உள்ளே போகலாம் என்று நேராகக் கேளுங்கள். கமாவைப் பற்றிக் கேட்டால் பதில் குழப்பமாக வரும்.

இதே குடும்பத்தில் இன்னொன்று: 'பிகாஸ்' என்பதற்கு முன்னால் கமா. டச்சில் அங்கே கமா சகஜம், ஆங்கிலத்தில் பெரும்பாலும் வேண்டாம். வாக்கியத்தில் 'நாட்' இருந்தால் மட்டும் நிதானியுங்கள். "வீ டிட் நாட் ஸ்டாப் பிகாஸ் த அலாரம் ராங்" என்றால், அலாரம் அடித்ததால் நிறுத்தவில்லையா? அல்லது நிறுத்தினோம், ஆனால் காரணம் அலாரம் இல்லையா? இங்கே கமாவோடு மல்லுக்கட்டாதீர்கள். காரணத்தை முன்னால் கொண்டுவந்து வாக்கியத்தையே திருப்பி எழுதுங்கள்.

அறிகுறி 6: 'ஹௌஎவர்' வந்த இடத்தில் வாக்கியம் முடிய மறுக்கிறது

"த டெஸ்ட் ஃபெயில்டு, ஹௌஎவர் வீ கன்டின்யூட்." இதில் இரண்டு தப்பு. முன்னால் இருக்கும் கமா இரண்டு முழு வாக்கியங்களை ஒட்டவைக்கப் பார்க்கிறது; டச்சில் அதைப் பொறுத்துக்கொள்வார்கள், ஆங்கிலத்தில் மாட்டார்கள். பின்னால் வர வேண்டிய கமாவும் இல்லை, ஏனென்றால் டச்சில் அந்த மாதிரிச் சொல்லுக்குப் பின் வினை நேராக வந்துவிடும்.

முன்னால் புள்ளி, பின்னால் கமா. அவ்வளவுதான். 'தேர்ஃபோர்' வந்தாலும் இதே வைத்தியம். அரைப்புள்ளி போடலாம், தப்பில்லை. ஆனால் புள்ளி போட்டு வாக்கியத்தைச் சின்னதாக்கினால் படிப்பவர் நன்றி சொல்வார். ஒரே பத்தியில் இப்படி நாலைந்து இருந்தால் குறியைத் திருத்துவது பயன் தராது. எழுதியவரோடு உட்கார்ந்து அந்தப் பத்தியை மறுபடி எழுதுவதே வழி.

அறிகுறி 7: அந்தரத்தில் நிற்கும் ஹைஃபன், ஒட்டிக்கொண்ட சொற்கள்

"இன்- அண்ட் அவுட்புட்" மாதிரி, சொல்லின் பாதியில் ஹைஃபன் நிற்கும். டச்சில் பொதுப் பகுதியை ஒருமுறை மட்டும் எழுதி மிச்சம் பிடிப்பது வழக்கம். அந்தச் சொல் ஆங்கிலத்தில் ஹைஃபன் இல்லாத சொல்லாக இருந்தால் இரண்டையும் முழுசாக எழுதுங்கள். ஏற்கெனவே ஹைஃபன் உள்ள சொல்லாக இருந்தால் ("ஷார்ட்- அண்ட் லாங்-டெர்ம்") விட்டுவிடுங்கள், அது ஆங்கிலத்திலும் உண்டு.

'டெஸ்ட்ரிசல்ட்ஸ்' என்று ஒட்டி எழுதியதைச் சிவப்புக் கோடு காட்டிக்கொடுக்கும், பிரித்துவிடுங்கள். பயந்துபோய் எல்லாவற்றுக்கும் நடுவில் ஹைஃபன் போட்டிருந்தால் ஒரு நல்ல அகராதியைத் திறந்து பார்ப்பதுதான் வழி. 'டூ-வீக் டிலே' போன்றதில் மட்டும், பெயருக்கு முன்னால் வருவதால், ஹைஃபன் வேண்டும்.

அறிகுறி 8: கிழமையும் மாதமும் சின்ன எழுத்தில்

டச்சில் திங்கட்கிழமைக்கும் ஜனவரிக்கும் கேபிடல் கிடையாது. தேடி மாற்றுங்கள், ஐந்து நிமிட வேலை. 'நான்' என்ற ஒற்றை எழுத்து ஐ சின்னதாக இருந்தால் அதுவும் அப்படியே.

திருத்தக் கூடாதவை இரண்டு. ஐமௌடன் போன்ற ஊர்ப்பெயர்களில் ஐ, ஜே இரண்டு எழுத்துமே கேபிடலாக இருக்கும், அது சரி. குடும்பப்பெயரில் வரும் 'வான்', 'டெ' முன்னால் ஆட்பெயர் இருந்தால் சின்ன எழுத்தில், இல்லாவிட்டால் கேபிடலில் வரும். இரண்டும் ஒரே பக்கத்தில் இருந்தாலும் அது தப்பில்லை.

அறிகுறி 9: மேற்கோளைச் சுற்றி எல்லாமே வெளியே நிற்கின்றன

ஒருவர் சொன்னதை எழுதும்போது டச்சில் முன்னால் கோலன் போட்டு, மூடும் குறிக்கு வெளியே கமா வைப்பார்கள். ஆங்கிலத்தில் 'செட்' என்பதற்குப் பின் பொதுவாகக் கமா. பேச்சை முடிக்கும் கமா மேற்கோளுக்கு உள்ளே. அமெரிக்க ஆங்கிலம் என்று முடிவாகியிருந்தால் கமாவும் புள்ளியும் எப்போதும் உள்ளே. பிரிட்டிஷ் என்றால் மேற்கோளுக்குச் சொந்தமான குறி மட்டும் உள்ளே.

உங்கள் கையை விட்டுப் போக வேண்டிய ஃபைல்கள்

சில ஃபைல்களைத் திறந்ததுமே ஆளைக் கூப்பிட வேண்டும். ஒப்பந்தம் முதலாவது. அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில், சட்ட வாசகம் ஒன்றின் பட்டியலில் கடைசி 'ஆர்' என்பதற்கு முன் ஒரு கமா இல்லாததால், பால் நிறுவனம் ஒன்றின் டிரைவர்கள் ஓவர்டைம் கேட்டு வழக்குப் போட்டார்கள். 2017-ல் மேல்முறையீட்டு நீதிமன்றத் தீர்ப்பு அவர்கள் பக்கம் வந்தது. 2018-ல் நிறுவனம் 50 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. டச்சிலும் அந்த இடத்தில் பொதுவாகக் கமா வராது. அதனால் டச்சுக்காரர் எழுதிய ஆங்கில ஒப்பந்தத்தில் ஒவ்வொரு பட்டியலும் இதே நிலையில் இருக்க வாய்ப்பு அதிகம். அதை ஆங்கிலச் சட்டம் எழுதிப் பழகிய வழக்கறிஞர் பார்க்கட்டும்.

நீதிமன்றத்துக்கோ அரசு அலுவலகத்துக்கோ போகும் மொழிபெயர்ப்பு இரண்டாவது. நெதர்லாந்தில் உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளர்களுக்கு, 2009-ல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி அரசுப் பதிவேடு இருக்கிறது. அதில் உள்ளவர் கையெழுத்திட்டு முத்திரை வைத்துத் தந்த ஃபைலில் நீங்கள் ஒரு கமாவைக்கூட நகர்த்தக் கூடாது. தப்பு கண்ணில் பட்டால் அவருக்கே எழுதிக் கேட்டு, புதுப் பிரதி வாங்குங்கள்.

மூன்றாவது, பாதுகாப்புக் கையேடும் ஆய்விதழுக்குப் போகும் கட்டுரையும். இவற்றுக்குத் தொழில்முறை எடிட்டர் வேண்டும். அவருக்கு ஃபைலை அனுப்பும்போது நீங்கள் முடிவு செய்தவற்றைக் கூடவே எழுதிக் கொடுங்கள்: பிரிட்டிஷா அமெரிக்கனா, எஸ்ஸில் முடியும் பெயருக்கு எந்த முறை, தேதி எந்த வடிவம், எந்தெந்த எண்களை எழுதியவர் இன்னும் உறுதி செய்யவில்லை. கடைசியாகச் சொன்ன எண்களை ஃபைலுக்குள்ளேயே மஞ்சள் அடித்துவிடுங்கள்.